ஒரே கூரை, தனித்தனி வகுப்பறைகள்: ஷேக்கர் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் நூறாண்டு

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே எந்தப் பள்ளி மாவட்டம் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதில் தப்பில்லை. வீட்டு முகவரிதான் அங்கே பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போகும் என்பதை முடிவு செய்கிறது. சுற்றியுள்ள வீடுகளின் சொத்துவரி அந்தப் பள்ளியின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு. ஆனால் 'நல்ல பள்ளி' என்ற பெயர் ஒரு புறநகருக்கு எப்படி வந்தது, அந்தப் பெயரின் பலன் யார் யாருக்குக் கிடைக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்தை ஒட்டியிருக்கும் ஷேக்கர் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியை வைத்து இதைப் பேசலாம். சுமார் 30,000 பேர் வாழும் சிறிய ஊர். பள்ளியில் ஏறக்குறைய 1,600 மாணவர்கள். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடாமல் தானாக முடிவு செய்த ஊர் இது. அந்த முடிவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்பாற்றியும் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளைகள் நிறவாரியாகவே வேறு வேறு வகுப்பறைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு புறநகர் இனங்களைச் சேர்ப்பதில் எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பள்ளி வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

திட்டம் போட்டுக் கட்டிய ஊர்

ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவத் துறவுக் குழுவினர் 1822ல் இங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். திருமணம் கூடாது, சொத்தெல்லாம் பொது என்பது அவர்கள் கொள்கை. புதிய ஆட்கள் சேராமல் குடியிருப்பு தேய்ந்து 1889ல் மூடப்பட்டது. அவர்கள் அணை கட்டி உருவாக்கிய ஏரிகளும் ஊரின் பெயரும்தான் மிச்சம்.

அந்த நிலம் 1900களின் தொடக்கத்தில் ஓரிஸ், மாண்டிஸ் வான் ஸ்வெரிங்கன் என்ற சகோதரர்கள் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள், திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை ஒன்றாகவே வாழ்ந்தவர்கள். நகரத்தின் புகையிலிருந்து விலகி, வசதியானவர்களுக்காக ஒரு தோட்ட ஊர் என்பது அவர்கள் கனவு. 1912ல் ஷேக்கர் ஹைட்ஸ் தனிக் கிராமமாக ஆனது, 1931ல் நகரமானது. நிலம் விற்க வேண்டுமானால் அங்கிருந்து நகர மையத்துக்குப் போக வழி வேண்டுமே. தண்டவாளம் போடத் தேவையான பாதைக்காக ஒரு முழு ரயில்வே நிறுவனத்தையே 1916ல் விலைக்கு வாங்கினார்கள். 1920ல் ஓட ஆரம்பித்த அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அவர்களுடைய சாம்ராஜ்யம் சரிந்தது. 1935ல் தம்பியும் 1936ல் அண்ணனும் இறந்தார்கள்.

ஊரின் வரைபடத்தைப் பார்த்தால் பள்ளிக்கு அதில் எவ்வளவு மையமான இடம் என்பது புரியும். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் நடுவே ஒரு தொடக்கப் பள்ளி. சிறு பிள்ளைகள் பெரிய சாலைகளைக் கடக்காமல் நடந்தே போய் வரும்படி தெருக்களை வளைத்திருந்தார்கள். லட்லோ, மோர்லாண்ட், லோமண்ட், ஓனவே, ஃபெர்ன்வே என்று அந்தப் பள்ளிகளின் பெயரே பகுதிகளின் பெயர்களாகவும் ஆயின. மொத்தம் ஒன்பது தொடக்கப் பள்ளிகள். எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் கடைசியில் வந்து சேரும் ஒரே இடம் உயர்நிலைப் பள்ளி. ஆல்டர்சைட் தெருவில் உள்ள இப்போதைய கட்டடம் 1931ல் திறக்கப்பட்டது. அதே சகோதரர்கள் 1920களில் தனியார் பள்ளிகளையும் ஊருக்குள் வரவழைத்தார்கள். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

வீடு கட்டுவதற்கு எக்கச்சக்கமான விதிகள் இருந்தன. எந்தப் பாணி, என்ன நிறம், தெருவிலிருந்து எத்தனை அடி உள்ளே என்பதெல்லாம் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வின்ஸ்லோ சாலையில் இருக்கும் வீடுகள் இதற்கு நல்ல சாட்சி. அவை இரண்டு குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தனி வீடு போலத் தெரிய வேண்டும் என்பதால் வாசல் ஒன்று மாதிரியே அமைத்திருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர் இருக்கலாம், அது வெளியே தெரியக் கூடாது. குப்பைத் தொட்டி தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக நகராட்சியின் சிறு வண்டிகள் வீட்டுக் கொல்லைக்கே போய்க் குப்பையை எடுக்கும் வழக்கமும் இங்கே நீண்ட காலம் இருந்தது.

இந்த விதிகளில் ஒன்றுக்கு மட்டும் அழகோடு சம்பந்தம் இல்லை. 1925ல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் பெய்லி என்ற கறுப்பின மருத்துவர் இங்கே ஒரு வீடு வாங்கினார். கும்பல் கூடிக் கல்லெறிந்தது, கார் கொட்டகைக்குத் தீ வைத்தது. பாதுகாப்புக்கு என்று வந்த போலீஸ்காரர்கள் பெய்லி குடும்பத்தினர் வீட்டை விட்டு வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவர்களையே சோதனை போட்டார்கள். குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அதன் பிறகு வான் ஸ்வெரிங்கன் நிறுவனம் பத்திர நிபந்தனையை இறுக்கியது. வீட்டை யாருக்கு விற்பதானாலும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும். கறுப்பினத்தவர் என்றோ யூதர் என்றோ அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. யாருக்கு ஒப்புதல் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நடிகர் பால் நியூமன் 1943ல் இந்தப் பள்ளியில் படித்து முடித்தபோது, அது முழுக்க இந்த நிபந்தனைகளின் பள்ளி. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் நாடு முழுக்கப் பெயர் பெற்றிருந்தது. அதன் நூற்றாண்டுப் புகழின் அடித்தளம் அந்தக் காலத்தில் போடப்பட்டது என்பதை மறைத்துவிட்டுப் பள்ளியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

லட்லோ: ஒரு வெடிகுண்டுக்கு அப்புறம்

இன அடிப்படையிலான பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950களில் கறுப்பின மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் கிளீவ்லாந்து எல்லையை ஒட்டிய லட்லோ பகுதியில் வீடு வாங்கத் தொடங்கினார்கள். 1956 ஜனவரியில், ஜான் பெக் என்ற கறுப்பின வழக்கறிஞர் லட்லோவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார் கொட்டகையில் குண்டு வெடித்தது.

அமெரிக்க நகரங்களில் இதற்கு அடுத்த காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தரகர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். "இன்னும் கொஞ்ச நாளில் விலை விழுந்துவிடும், இப்போதே விற்றுவிடுங்கள்" என்று வெள்ளையரைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். அதையே கறுப்பினக் குடும்பங்களுக்கு உயர்ந்த விலைக்கு விற்பார்கள். சில ஆண்டுகளில் தெருவே மாறிவிடும், கூடவே பள்ளியும். கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம் முழுக்க இப்படித்தான் நடந்தது.

லட்லோவில் நடந்தது வேறு. பெக் வீட்டில் சிதறிக் கிடந்ததை அப்புறப்படுத்த அக்கம்பக்கத்து வெள்ளைக் குடும்பங்கள் வந்தன. ஒருவர் வீட்டுக் கூடத்தில் இன்னொருவர் போய் உட்கார்ந்து பேசினார்கள். 1957ல் லட்லோ சமூகச் சங்கம் உருவானது. வங்கிகள் கலப்புப் பகுதிகளில் கடன் தரத் தயங்கியபோது, முன்பணத்துக்கு உதவ அந்தச் சங்கத்தார் தாங்களே பணம் திரட்டினார்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960களில் அவர்களுக்காக நிதி திரட்டும் கச்சேரி ஒன்றில் பாடினார். இதைப் பார்த்து லோமண்ட், மோர்லாண்ட் பகுதிகளிலும் சங்கங்கள் வந்தன. 1967ல் பள்ளி மாவட்டமும் நகராட்சியும் சேர்ந்து ஒரு வீட்டு வசதி அலுவலகத்தையே தொடங்கின. ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு வீடு காட்ட உதவுவதுதான் அதன் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். கலப்பு நிலைக்க வேண்டுமென்றால் அந்தத் தெருக்களுக்கு வெள்ளையர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே லட்லோவுக்கு வர விரும்பும் வெள்ளைக் குடும்பத்துக்குத்தான் உபசாரமும் கடன் உதவியும். அதே லட்லோவுக்கு வர விரும்பும் கறுப்பினக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. 1980களில் இந்தச் சமநிலையின்மையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் அதிகமுள்ள பகுதியில் வீடு வாங்கினாலும் சலுகைக் கடன் கிடைக்கும்படி ஒரு நிதியை உருவாக்கினார்கள். ஆனாலும் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் 'நாங்கள் வந்தால் அது பிரச்சினை, அவர்கள் வந்தால் அது வெற்றி' என்று உணர்ந்த கறுப்பினக் குடும்பங்களின் மனக்கசப்பு நியாயமானது. அந்தக் கணக்கைப் போட்டவர்களின் நோக்கம் நல்லது என்பதால் அந்த வலி இல்லாமல் போய்விடாது.

பேருந்தில் யார் ஏறுவது

1960களின் இறுதிக்குள் மோர்லாண்ட் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள்தான். ஊரின் வடக்கேயுள்ள பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். 1970ல் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் ஜாக் லாசன் ஒரு திட்டம் வைத்தார். மோர்லாண்டில் படிக்கும் மேல் வகுப்புப் பிள்ளைகளைப் பேருந்தில் மற்றப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்றார்.

மோர்லாண்ட் பெற்றோர் எழுந்து கேட்டது நேரான கேள்வி. எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் பேருந்தில் ஏற வேண்டும்? கலப்பு எல்லாருக்கும் நல்லது என்கிறீர்கள். அப்படியானால் அதற்காகப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளியை விட்டு, விடியற்காலையில் எழுந்து பயணம் போகிற பாரம் ஏன் கறுப்பினக் குழந்தைகள் தலையில் மட்டும்?

அதற்குப் பதிலாக வந்தது இரு வழித் திட்டம். மோர்லாண்ட் பிள்ளைகள் விருப்பப்பட்டால் வெளியே போகலாம், மற்றப் பகுதி வெள்ளைப் பிள்ளைகள் விருப்பப்பட்டால் மோர்லாண்டுக்கு வரலாம். பல வெள்ளைக் குடும்பங்கள் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுத்தன. 1970 இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்தபோது திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டாயமின்றி இப்படிச் செய்த முதல் சில அமெரிக்க மாவட்டங்களில் ஷேக்கரும் ஒன்று.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்து நடந்ததைப் பார்த்தால் தெரியும். 1974ல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பைச் சொன்னது. பிரிவினைக்குப் புறநகர்கள் காரணம் என்று நிரூபிக்கப்படாதவரை, நகரப் பள்ளிகளைக் கலக்கும் திட்டத்தில் அவற்றைச் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். 1976ல் கிளீவ்லாந்துப் பள்ளிகளுக்கு நீதிபதி ஃபிராங்க் பட்டிஸ்டி பிறப்பித்த ஆணை எல்லைக் கோட்டோடு நின்றுவிட்டது. அமெரிக்கப் புறநகர்களுக்கு இதனால் ஒரு பெரிய நிம்மதி. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் தங்கள் பள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அந்த நிம்மதி சட்டமாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஷேக்கர் தன் பிள்ளைகளைக் கலந்திருந்தது.

அதே ஷேக்கர்தான் 1976ல் கிளீவ்லாந்துப் பக்கமிருந்து வரும் சில தெருக்களில் தடுப்புகளை வைத்தது. போக்குவரத்து நெரிசலுக்காக என்று காரணம் சொன்னார்கள். எல்லைக்கு அப்பால் இருந்த கறுப்பினக் குடியிருப்புக்காரர்கள் அதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குள் இருப்பவர்களோடு சேர்ந்து வாழலாம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு மூடியிருக்கும் என்ற எண்ணம் இந்த ஊரின் நல்ல முடிவுகளுக்கும் பின்னால் எப்போதும் இருந்திருக்கிறது.

1987ல் மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் ஒன்பது தொடக்கப் பள்ளிகளில் நான்கை மூடி எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். புதிய எல்லைகளால் மீதி ஐந்து பள்ளிகளும் இன அளவில் ஓரளவு சமமாயின. ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு எல்லாரும் உட்பரி என்ற ஒரே பள்ளிக்கு வந்தார்கள். மூடப்பட்ட நான்கில் லட்லோவும் மோர்லாண்டும் உண்டு. கலப்புக்காகப் பாடுபட்ட இரண்டு பகுதிகளும் தங்கள் பள்ளியை இழந்தன. மோர்லாண்ட் பள்ளிக் கட்டடம் இப்போது ஊரின் பொது நூலகம்.

1997: எண்கள் வெளியே வந்தபோது

1990களில் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பின மாணவர்கள். ஊரின் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அதைவிடக் குறைவு. முன்னே சொன்ன தனியார் பள்ளிகளுக்கு வசதியான வெள்ளைக் குடும்பங்கள் பல பிள்ளைகளை அனுப்பியது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பள்ளியில் பாடங்கள் பல நிலைகளில் நடந்தன. அடிப்படைத் திறன் வகுப்பு, கல்லூரித் தயாரிப்பு வகுப்பு, ஹானர்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே கல்லூரி அளவிலான ஏபி வகுப்பு. விதிப்படி எந்த மாணவரும் எந்த நிலையையும் கேட்கலாம், யாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. நடைமுறையில் ஏபி வகுப்பின் கதவைத் திறந்தால் வெள்ளை முகங்கள், கீழ்நிலை வகுப்பின் கதவைத் திறந்தால் கறுப்பு முகங்கள். தாழ்வாரத்தில் பார்த்தால் கலப்புப் பள்ளி. மணி அடித்ததும் பிரிந்துவிடும்.

1930 முதல் வெளிவரும் மாணவர் இதழ் 'ஷேக்கரைட்' 1997ல் இந்த இடைவெளியை எண்களோடு எழுதியது. ஊர் கொந்தளித்தது. கறுப்பினப் பெற்றோர் பலர் காயப்பட்டார்கள், பிள்ளைகளும்தான். ஆனாலும் அது வெளியே வந்ததை நான் இந்தப் பள்ளியின் பெருமைகளில் ஒன்றாகவே பார்க்கிறேன். பெரியவர்கள் கூட்டங்களில் நாசூக்காகச் சுற்றி வந்த விஷயத்தைப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அச்சிட்டார்கள். பள்ளி அதை அச்சிட விட்டது.

கறுப்பினப் பெற்றோர் தாங்களே ஒரு ஆய்வாளரை அழைத்தார்கள். நைஜீரியாவில் பிறந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்த ஜான் ஓக்பு வந்தார். மாதக்கணக்கில் வகுப்புகளில் உட்கார்ந்தார், வீடுகளில் பேசினார். வெள்ளை மாணவர்களின் சராசரி மதிப்பெண் 4க்கு 3.45, கறுப்பின மாணவர்களின் சராசரி 1.9. ஏழைப் பகுதியில் இப்படி என்றால் வறுமை என்று சொல்லிவிடலாம். இங்கே பெற்றோரில் பலர் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். ஓக்பு பள்ளியின் தவறுகளையும் சொன்னார். ஆசிரியர்கள் குறைவாக எதிர்பார்க்கிறார்கள், நிலைவாரி வகுப்புகள் கெடுதல் செய்கின்றன என்றார். ஆனால் அவர் அழுத்தம் கொடுத்தது வேறொன்றுக்கு. நூற்றாண்டுக் கால ஒதுக்கலின் விளைவாகக் கறுப்பினப் பிள்ளைகளும் பெற்றோரும் படிப்பில் முழுமையாக ஈடுபடவில்லை என்றார். பத்திரிகைகள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டன. உதவிக்கு அழைத்த பெற்றோருக்கு அது முதுகில் குத்தியது போல இருந்தது. அந்த விவாதம் ஓய்வதற்கு முன்பே, 2003ல், ஓக்பு இறந்துவிட்டார்.

இதே ஊரின் பள்ளி மாணவர்களிடம் 1999ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பை ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் ரொனால்ட் ஃபெர்குசன் ஆராய்ந்தார். அவரும் கிளீவ்லாந்தில் வளர்ந்தவர். அவர் கண்டது எனக்கு ஓக்பு சொன்னதைவிட நம்பத்தக்கதாகத் தெரிகிறது. படிப்பின் மீதான மனப்பான்மையில் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே நிலை வகுப்பில் இருக்கும் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் வீட்டுப்பாடத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் செலவிட்டார்கள். ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் முடித்துக் கொடுத்தது குறைவு. வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அது அக்கறையின்மை. உண்மையில் முந்தைய வகுப்புகளில் விட்டுப்போன திறன்கள், வீட்டில் உதவிக்கு ஆள் இருப்பது இல்லாதது போன்றவைதான் அங்கே வேலை செய்தன. மனம் வைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தால் பிள்ளைக்கு அறிவுரைதான் சொல்வோம். திறன் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால் பாடம் நடத்துவோம். ஆகவே இரண்டு ஆய்வுகளில் எதை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து மறுநாள் வகுப்பில் நடப்பதே மாறிவிடும்.

பக்கத்துப் புறநகர்கள் பலவற்றில் இந்த இடைவெளி செய்தியாகவே இல்லை. கறுப்பினப் பிள்ளைகளே அதிகம் இல்லாத பள்ளியில் எதை எதோடு ஒப்பிடுவது? ஷேக்கரின் எண்கள் அசிங்கமாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், இரு தரப்பையும் ஒரே பதிவேட்டில் வைத்திருந்த அபூர்வமான ஊர் அது என்பதுதான். அதை வைத்து ஷேக்கர் தோற்றது என்று எழுதியவர்கள் இந்த ஊர்களை ஒப்பிடவே இல்லை.

மாணவர்கள் தாங்களே செய்தது

ஆய்வாளர்கள் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். 1983ல் இன உறவுகளுக்கான மாணவர் குழு தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்த அணிகளாக, தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்புக்குப் போவார்கள். ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் யாரை விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம், ஏன் என்று விளையாட்டுகள் மூலமாகவே பேசுவார்கள். அந்த வயதுக் குழந்தை ஆசிரியர் சொல்வதைவிடப் பெரிய அண்ணன், பெரிய அக்கா சொல்வதை உற்றுக் கேட்கும். அப்படிக் கேட்ட குழந்தைகள் பிறகு உயர்நிலைப் பள்ளிக்கு வந்து அதே குழுவில் சேருவார்கள். நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் 1990 வாக்கில் வந்தது மேக் ஸ்காலர்ஸ். சிறுபான்மையினரின் கல்வி முன்னேற்றத்துக்கான குழு இது. நல்ல மதிப்பெண் எடுக்கும் மேல் வகுப்புக் கறுப்பின மாணவர்கள், தடுமாறும் கீழ் வகுப்பு மாணவர்களைத் தம்பிகளாக எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவராக எழுந்து கைகொடுத்துப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள். படிப்பில் உயர்வேன், கண்ணியமாக நடப்பேன், மற்றவர்களைச் சகோதர சகோதரிகளாக நடத்துவேன் என்று எல்லாரும் சேர்ந்து உறுதிமொழி சொல்வார்கள். பின்னர் பெண் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு குழு வந்தது. நன்றாகப் படித்தால் 'வெள்ளைக்காரன் மாதிரி நடிக்கிறாய்' என்ற கேலி வரும் வயதில், நன்றாகப் படிக்கும் கறுப்பினப் பையன்கள் ஒரு கூட்டமாகத் தலை நிமிர்ந்து நடந்தார்கள். நாடெங்கும் பல பள்ளிகள் வந்து பார்த்துவிட்டுப் போய் இதைத் தங்கள் ஊரில் ஆரம்பித்தன. 1999ல் இலினாயின் எவன்ஸ்டன் போன்ற இதே மாதிரிப் புறநகர் மாவட்டங்களோடு சேர்ந்து ஷேக்கர் ஒரு கூட்டமைப்பையும் தொடங்கியது.

இவை எல்லாம் நல்லவை. ஆனால் கவனித்தீர்களா, எல்லாமே மாணவரை மாற்றும் முயற்சிகள். வகுப்புகளின் ஏணி மட்டும் அப்படியே நின்றது. ஒரு குழந்தையைக் கணக்கில் மேல் வகுப்பா கீழ் வகுப்பா என்று பத்துப் பதினொரு வயதிலேயே பிரித்துவிட்டு, பதினாறு வயதில் ஏபி வகுப்பில் ஏன் சேரவில்லை என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மேல்நிலை வகுப்பு வேண்டும் என்று போய் வாதாடத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு அது கிடைத்தது. ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய பெற்றோரின் பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது. கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொல்வதில் உள்ள பிழை இங்கேதான் இருக்கிறது.

2020: ஏணியை எடுத்தபோது

2019ல் கண்காணிப்பாளராக வந்த டேவிட் கிளாஸ்னர் காலத்தில் மாவட்டம் அந்த ஏணியில் கை வைத்தது. 2020 இலையுதிர் காலத்தில், பெருந்தொற்றின் நடுவே, பிள்ளைகள் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களில் நிலைப் பிரிவினையை நீக்கினார்கள். மேல், கீழ் என்று பிரித்திருந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில், எல்லாருக்கும் மேல்நிலைப் பாடம்.

முடிவு சரி, செய்த விதம் அவசரம் என்பது என் கருத்து. கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் அறிவித்தார்கள். வேகமாகப் போகும் பிள்ளையையும் பின்தங்கிய பிள்ளையையும் ஒரே மணி நேரத்தில் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போதிய நேரம் இருக்கவில்லை. கணக்குப் பாடத்தில்தான் சிரமம் அதிகம். வரலாற்று வகுப்பில் வேறு வேறு ஆழத்தில் ஒரே கேள்வியைப் பேசலாம். பின்னம் தெரியாத பிள்ளையும் இயற்கணிதத்துக்குத் தயாரான பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் தனி ஆளாகத் திணறுகிறார். எங்கள் பிள்ளை தேங்கிப்போகிறது என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். அந்தக் கவலையை இனவெறி என்று ஒதுக்கிவிட முடியாது, அவர்களில் கறுப்பினப் பெற்றோரும் உண்டு. இரண்டாவது ஆசிரியரை வகுப்புக்குள் கொண்டுவருவதும் தனிக் கவனத்துக்கு நேரம் ஒதுக்குவதும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

பணம் என்று வந்தால் மறுபடி சொத்துவரிதான். சொத்துவரியை இந்த அளவுக்கு நம்பிப் பள்ளிகளை நடத்துவது மாநில அரசமைப்புக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997ல் தீர்ப்பளித்தது, பின்னரும் திரும்பச் சொன்னது. முறை பெரிதாக மாறவில்லை. போதாததற்கு, 1976ல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி வீட்டு மதிப்பு ஏறினாலும் ஏற்கெனவே அனுமதித்த வரியின் வருமானம் பெரும்பாலும் ஏறாது. ஆகவே விலைவாசி உயர உயர, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாவட்டம் வாக்காளர்களிடம் கையேந்த வேண்டும். கடைகளும் தொழிற்சாலைகளும் குறைவான ஷேக்கரில் பாரம் முழுக்க வீட்டுக்காரர்கள் மேல் விழுகிறது. மாநிலத்திலேயே மிக அதிகமான வரி விகிதங்களில் ஒன்று அவர்களுடையது. தன் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகும் வீட்டுக்காரரும், பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்ட முதியவரும் பெரும்பாலும் 'ஆம்' என்றே வாக்களித்து வந்திருக்கிறார்கள். ஊர் என்று ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்கு இதுவே எனக்குப் பெரிய ஆதாரம்.

இந்தப் பள்ளியில் 1971ல் படித்து முடித்த மார்சியா ஃபட்ஜ், 2021ல் அமெரிக்காவின் வீட்டு வசதி, நகர மேம்பாட்டுத் துறை அமைச்சரானார். ஒரு கறுப்பின மருத்துவர் வீடு வாங்கியதற்காகக் கல்லெறிந்த ஊரின் பள்ளியில் படித்தவர், நாடு முழுக்க வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் துறைக்குத் தலைமை தாங்கினார். அவரைப் போல முன்னேறியவர்கள் பலர். ஆனால் ஒரு பள்ளியை அதன் நட்சத்திர மாணவர்களை வைத்து எடை போடுவது ஷேக்கர் விஷயத்தில் உதவாது. எப்போதும் அங்கே கேள்வியாக இருந்தது சராசரிப் பிள்ளைதான்.

2020ல் ஐந்தாம் வகுப்பில் நிலைப் பிரிவினை இல்லாமல் படிக்க ஆரம்பித்த குழந்தைகள் 2028ல் பள்ளியை முடிக்கிறார்கள். பத்து வயதில் பிரிக்கப்படாமல் மேலே வந்த முதல் அணி அவர்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஏபி உண்டு, அதில் சேருவது அவரவர் விருப்பம். அந்த இரண்டு ஆண்டுகளில் ஏபி கணக்கு வகுப்பிலும் ஏபி இயற்பியல் வகுப்பிலும் யார் யார் பெயர் கொடுக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆண்டு முடிவு வரை நிற்கிறார்கள் என்ற பட்டியலை 1997ன் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் மாணவர் இதழே எழுதினால் நல்லது.